கும்பத்தின் மேல் நிற்கும் சிங்கம்

இலங்கையின் அரச இலச்சினையில் சிங்கத்தை வரைவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. இதழ் வரிசைதான் ஆளை வருத்தும். வட்டத்தைச் சுற்றி ஒரே அளவில், ஒரே வளைவில் இதழ்கள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு போகவேண்டும். தொடக்கத்தில் ஒரு இதழ் மயிரிழை தடித்தாலும் போச்சு, சுற்றி வந்து முடிகிற இடத்தில் அரை இதழ் மிஞ்சி நிற்கும். அதைச் சமாளிக்கக் கடைசி நாலைந்து இதழ்களை ஒடுக்கி அடைத்திருப்பதை எத்தனையோ சுவர்களில் பார்த்திருக்கிறேன். அரச கட்டடங்களின் முகப்பில் சீமெந்தால் செய்த இலச்சினைகளைக் கவனித்துப் பாருங்கள். கும்பத்துக்குப் பக்கத்தில், கண் அவ்வளவாகப் போகாத மூலையில்தான் மேசன் தன் கணக்கைத் தீர்த்திருப்பார்.

விஷயம் இதுதான். திருகோணமலை நகரத்தில் ஒரு பாடசாலை மண்டபம். மேடையின் பின்சுவரில் இலங்கையின் அரச இலச்சினையை யாரோ ஒரு காலத்தில் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். கடற்காற்று படுகிற சுவர். உப்புப் பூத்து, இடப்பக்க நெற்கதிர் முழுக்கப் பொருக்காக உதிர்ந்துவிட்டது. சிங்கத்துக்கு வால் இல்லை. பரிசளிப்பு விழா வருகிறது, பிரதம விருந்தினராக மாகாண சபையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்றதும் அதிபருக்குச் சுவர் கண்ணில் பட்டது. ஓய்வு பெற்ற சித்திர ரீச்சருக்கு இந்த மாதிரி அழைப்புகள்தான் வரும். பழைய மாணவன் ஒருவன், இப்போது விளம்பரப் பலகை எழுதுகிறவன், ஏறி நின்று வரையச் சாரம் கட்டித் தருகிறேன் என்றான். எனக்கும் வீட்டில் சும்மா இருந்து கை துருப்பிடித்துப் போயிருந்தது. சரி என்றேன்.

முதல் பிரச்சினை மாதிரிப் படம். அலுவலகத்தில் தந்த கடிதத் தாளில் இருந்தது பிரதியின் பிரதி. அதில் சிங்கம் மழையில் நனைந்த நாய் மாதிரி இருந்தது. இணையத்தில் தேடினால் ஆளுக்கொரு விதம். ஒன்றில் கதிர் மெலிந்து புல்லாகத் தெரிகிறது, இன்னொன்றில் சக்கரம் கழன்று வானத்தில் நிற்கிறது. கடைசியில் கைப்பையில் இருந்த சில்லறையைக் கொட்டினேன். ஐந்து ரூபாக் குற்றி, பித்தளை நிறத்தில் தடிப்பாக இருக்குமே, அந்தப் பழையது. ஒரு பக்கம் இலக்கம், மறுபக்கம் இலச்சினை. உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே பிடித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அவ்வளவு சின்ன இடத்தில் பிடரி மயிர் சுருள் சுருளாகத் தெரிகிறது. வாளின் பிடி தெரிகிறது. கும்பத்தின் வாயிலிருந்து கதிர்கள் இரண்டு பக்கமும் பிரிந்து மேலே ஏறுகிற இடத்தில், தாள் எது, மணி எது என்று பிரித்தறியலாம். அச்சு வெட்டியவர் கைக்கு ஒரு கும்பிடு. எத்தனையோ வருடம் இந்தக் காசைக் கொடுத்துக் கருவேப்பிலை வாங்கியிருக்கிறேன், இப்படி உற்றுப் பார்த்தது கிடையாது.

சுவரில் ஆணி அடித்து, நூல் கட்டி, மறுமுனையில் சோக்கட்டியைக் கட்டிச் சுற்றினால் வட்டம் வந்துவிடும். ஆரத்தின் அளவை அப்படியே வட்டத்தின் மேல் எடுத்து வைத்துக்கொண்டு போனால் சரியாக ஆறு பங்கு. அதைப் பாதியாக்கி, அந்தப் பாதியையும் பாதியாக்கிக் கொண்டு போகலாம். இதழுக்கு ஒரு அட்டை வெட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மாணவன் அட்டையை அழுத்திப் பிடிக்க நான் பென்சிலால் கோடு இழுத்தேன். அவன் தொலைபேசியில் பாட்டுப் போட்டுக்கொண்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பறை என்றால் வேறு.

இந்த இதழ் வரிசையைச் சித்திரப் பாடத்தில் பலாபெத்தி என்று சொல்லிக் கொடுப்போம். தமிழ் மொழிமூலப் பிள்ளைகளும் பலாபெத்தி, லியவெல (படர்கொடி), புன்கலச (நிறைகுடம்) என்று சிங்களப் பெயர்களோடுதான் அலங்காரங்களைப் படிப்பார்கள். ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பன் எழும்பி, "ரீச்சர், எங்கட பிள்ளையளுக்கு ஏன் அவையளின்ர சித்திரத்தைப் படிப்பிக்கிறியள்?" என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போகும்போது அம்மன் நிற்கிற பீடத்தைப் பாருங்கோ என்றேன். பத்ம பீடம். கீழே கவிழ்ந்த இதழ், மேலே நிமிர்ந்த இதழ். சுவரின் அடிக்கட்டிலும் இதே வரிசை ஓடும். ஸ்தபதி அதற்குப் பலாபெத்தி என்று பெயர் சொல்லமாட்டார், அவ்வளவுதான். அந்தத் தகப்பன் பார்த்தாரோ தெரியாது. அடுத்த கூட்டத்தில் கேள்வி வரவில்லை.

இலச்சினையின் கதைக்கு வருகிறேன். இப்போது இருக்கும் வடிவம் 1972இல் வந்தது. அந்த வருடம் மே 22ஆம் திகதி நாடு குடியரசாகி, சிலோன் என்ற பெயர் போய் ஸ்ரீ லங்கா ஆனது. புது இலச்சினைக்கு ஒரு குழு போட்டார்கள். தலைவர் நிஸ்ஸங்க விஜேரத்ன, அப்போது கலாசார அமைச்சின் செயலாளர். வடிவத்தைக் கற்பனை செய்தவர் மாபலகம விபுலசார தேரர். கையில் உளியும் தூரிகையும் வைத்திருந்த பிக்கு. அதைச் சித்திரமாகத் தீட்டியவர் எஸ். எம். செனவிரத்ன. கலைஞன் கை பட்டிருப்பது பார்த்தால் தெரியும். அலுவலகக் குழு ஒன்று மட்டும் உட்கார்ந்து செய்திருந்தால், ஆளுக்கொரு பொருளைச் சொல்லி, எல்லாவற்றையும் கட்டம் போட்டு அடுக்கியிருப்பார்கள். இதில் பொருட்கள் ஒன்றிலிருந்து ஒன்று முளைக்கின்றன. கும்பத்திலிருந்து கதிர், கதிருக்குள் இதழ் வட்டம், இதழுக்குள் கருஞ்சிவப்பு, அதற்குள் சிங்கம், எல்லாவற்றுக்கும் மேலே பௌத்தத்தின் தர்மச் சக்கரம். கும்பத்துக்கு இரண்டு பக்கமும் சூரியனும் சந்திரனும்.

அதற்கு முன்னால் வெள்ளைக்காரன் காலத்துச் சின்னத்தில் யானை இருந்தது. இந்தத் தீவுக்கு ஒரு மிருகத்தைச் சின்னமாக வைக்கச் சொன்னால் யாரும் யானையைத்தான் வைப்பார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுதந்திரம் வந்து, 1954இல் வேறொன்று செய்தார்கள். அதை நான் முதலில் பார்த்தது அப்பாவின் பெட்டியில். அறுபதுகளில் அரச வேலைக்கு எடுத்தபோது அவருக்கு வந்த கடிதம். மடித்த மடிப்பில் கிழிந்து, ஒட்டுத்தாளால் ஒட்டி வைத்திருந்தார். தலைப்பில் வாளேந்திய சிங்கம், அதைச் சுற்றி இதே இதழ் வரிசை, மேலே கிரீடம். கீழே ஒரு பட்டி. அந்தப் பட்டியில் நாட்டின் பெயர் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும். முடிக்குரிய நாடாக இருந்த காலம் என்பதால் கிரீடம். அது போனதில் எனக்குத் துக்கம் இல்லை.

பட்டி போனதில் இருக்கிறது. சித்திரக்காரியாகப் பார்த்தால் இலச்சினையில் எழுத்து இல்லாமல் இருப்பதே அழகு. எழுத்து வந்தால் கண் படத்தைப் பார்க்காது, வாசிக்கத் தொடங்கிவிடும். ஆனால் 1972இல் கழற்றியது வெறும் எழுத்தை மட்டும் இல்லை. அதே மே மாதத்து அரசியலமைப்பில் 6ஆம் பிரிவு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தது. 7ஆம் பிரிவு சிங்களமே அரச கரும மொழி என்றது. அப்புறம் இலச்சினையைப் பாருங்கள். உச்சியில் தர்மச் சக்கரம் ஏறுகிறது, அடியில் மூன்று மொழிப் பட்டி மறைகிறது. அந்த இரண்டு பிரிவையும் எழுத வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு விளங்கப்படுத்தவேண்டும் என்றால் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்தால் போதும். இதில் ஒளிவு மறைவு கிடையாது. அந்த வகையில் நேர்மையான சித்திரம் என்றுகூடச் சொல்வேன்.

வேடிக்கை என்னவென்றால், அரசியலமைப்பில் இலச்சினைக்கு இடமே இல்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பை எடுத்துப் பாருங்கள். 6ஆம் உறுப்புரை தேசியக் கொடி, 7 தேசிய கீதம், 8 தேசிய தினம். கொடிக்குப் படம் போட்டு அட்டவணை, கீதத்துக்குச் சொல்லும் இசையும் போட்டு அட்டவணை. அதற்கு அடுத்த 9 பௌத்தம். இலச்சினை பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் நாம் அன்றாடம் தொடுவது இலச்சினையைத்தான். கொடியைச் சுதந்திர தினத்தில் பார்க்கிறோம். இலச்சினை பிறப்புப் பத்திரத்தில் இருக்கிறது, காசில் இருக்கிறது, அடையாள அட்டையில் இருக்கிறது. தொண்ணூறுகளில் இந்தச் சிங்கத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தோம். சோதனைச் சாவடியில் பேருக்கு முன்னால் நீட்டவேண்டியது அதைத்தான். என் வயது ஆட்களிடம் கேட்டால் சிங்கத்தின் முகம் நினைவில் இருக்காது, பிளாஸ்ரிக் உறையின் மூலை கிழிந்திருந்தது நினைவில் இருக்கும்.

சிங்கத்துக்கு வருகிறேன். இது கண்டி இராச்சியத்தின் கொடியிலிருந்து வந்த சிங்கம். பக்கவாட்டாக நின்று, வலது முன்காலைத் தூக்கி, வாளைப் பிடித்திருக்கும். 1815இல் கண்டி விழுந்தபோது அந்தக் கொடியின் கீழ் ஆண்டவர் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். பட்டத்துக்கு முன் அவர் பெயர் கண்ணுசாமி. மதுரை நாயக்கர் வழி வந்தவர். ஆங்கிலேயர் அவரைப் பிடித்து வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள், 1832இல் அங்கேயே இறந்தார். வேலூரில் பாலாற்றங்கரைப் பக்கம் முத்து மண்டபம் என்று அவருக்கு நினைவிடம் இருக்கிறது. ஆகவே, சிங்கத்தைப் பார்த்துவிட்டு "இது எங்களுடையது மட்டும்" என்று மார்தட்டுகிறவரும், "இது எங்களுக்குச் சம்பந்தமே இல்லாதது" என்று முகத்தைத் திருப்புகிறவரும் கொஞ்சம் பொறுக்கவேண்டும். கடைசியாக அந்தக் கொடிக்குச் சொந்தக்காரராக இருந்தவர் கண்ணுசாமி.

இந்தத் தீவில் காட்டுச் சிங்கம் இல்லை என்பது வேறு கதை. முன்னொரு காலத்தில் இருந்திருக்கிறது. குருவிட்டையில் கிடைத்த பற்களை வைத்து பி. ஈ. பி. தெரணியகல 1939இல் அதற்கு ஒரு பெயரும் வைத்தார். இப்போது காட்டில் இருப்பது சிறுத்தை. அதற்கு எந்தச் சின்னத்திலும் இடம் கிடைக்கவில்லை, பாவம்.

எனக்கு எரிச்சல் தருவது சிங்கம் இல்லை, சிங்கத்தின் உறுப்புகளுக்கு எழுதி வைத்திருக்கும் கோனார் உரை. சுருள் மயிர் என்றால் ஞானம், தாடி என்றால் வாக்குச் சுத்தம், வால் என்றால் அட்டாங்க மார்க்கம் (புத்தர் சொன்ன எட்டு வழி), மூக்கு என்றால் புத்தி. கொடிச் சிங்கத்துக்குச் சொல்லும் விளக்கங்களைப் பிள்ளைகள் அப்படியே பாடமாக்கி ஒப்புவிப்பார்கள். வரைகிறவன் சிங்கத்துக்கு வால் வைப்பது சிங்கத்துக்கு வால் இருப்பதால். முதுகுக்கு மேலே வெறும் இடம் இருக்கிறது, அதை நிரப்ப வால் வளைந்து மேலே வருகிறது. நல்ல வடிவமைப்பு அப்படித்தான் நடக்கும். அர்த்தம் பிறகு வந்து குந்திக்கொள்ளும். வகுப்பில் நான் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு பரீட்சையில் அட்டாங்க மார்க்கம் என்று எழுதிப் புள்ளி வாங்குவார்கள். வாங்கட்டும்.

சின்னம் என்றால் என்ன என்று காட்ட நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது பிரெட்ரிக் கோட்டை வாசலுக்கு. கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லாரும் அந்த வாசலுக்குள்ளால்தான் போகிறோம். ஆட்டோவில் உட்கார்ந்தபடி மானைத் தேடுவோமே தவிர, கல்லைப் பார்ப்பதில்லை. வாசலின் கல்லில் இரண்டு மீன்கள் செதுக்கியிருக்கின்றன. பாண்டியரின் இரட்டைக் கயல் என்பார்கள். பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்து. "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியை" என்று தொடங்கி, பின்னே பறங்கி வந்து பிரிப்பான் என்று சொல்லும் பாட்டு அதுதான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். குளக்கோட்டன் என்பது கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லும் அரசன். 1620களில் போர்த்துக்கேயர் மலைக்கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். மீனும் சுவரோடு சுவராகப் போனது. பிறகு ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர். வாசலின் உச்சியில் ஆங்கிலேயர் தங்கள் அரச சின்னத்தைப் பதித்தார்கள். ஆக, ஒரே வாசலில் கீழே மீன், மேலே லண்டன். இப்போது கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, ஆகவே இப்போதைய சிங்கமும் அந்த வளாகத்துக்குள்தான்.

ஒருமுறை அங்கே நிற்கும்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "ரீச்சர், மேல இருக்கிறதை வச்சவன் கீழ இருக்கிற மீனை ஏன் அழிக்கேல்ல?" நல்ல கேள்வி. ஒருவேளை அவர்களுக்கு அது வெறும் கல். அழிக்கிற அளவுக்குக்கூட மதிக்கவில்லை. அதனால்தான் மிஞ்சியது. அவனிடம் அப்படித்தான் சொன்னேன். அவன் மீனை வரையாமல் மானை வரைந்துகொண்டு வந்தான்.

சக்கரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், இது பலர் கவனிக்காதது. இந்தியச் சின்னத்திலும் சிங்கமும் சக்கரமும் உண்டு. அங்கே சக்கரம் சிங்கங்களின் காலடிப் பீடத்தில் இருக்கிறது, இங்கே சிங்கத்தின் தலைக்கு மேலே. அவர்கள் அடக்கமாக வைத்தார்கள், நம்மவர்கள் தூக்கி வைத்தார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் சாரநாத்தில் அசோகன் நிறுத்திய அசல் தூணில் நான்கு சிங்கங்களுக்கும் மேலே ஒரு பெரிய சக்கரம் இருந்தது. அது உடைந்துவிட்டது. உடைந்த துண்டுகள் கிடைத்தன. 1950இல் இந்தியா எடுத்துக்கொண்டது சக்கரம் போன பிறகு மிஞ்சியதை. பழைய ஒழுங்கு இலங்கை இலச்சினையில்தான் நிற்கிறது. சக்கரம் மேலே இருந்தால் அரசனும் அறத்துக்குக் கீழேதான் என்று அர்த்தம். அப்படிப் படித்தால் வாள் வைத்திருக்கிற சிங்கம் தலைக்கு மேல் ஒரு சக்கரத்தைத் தாங்கவேண்டியவன். அந்த அர்த்தத்தில் நாட்டை நடத்தினார்களா என்பதைச் சித்திர ரீச்சரிடம் கேட்காதீர்கள்.

சக்கரமும் தமிழும் ஒன்றுக்கொன்று அந்நியம் என்று நினைக்கிறவர்கள் வெல்கம் விகாரைக்கு ஒருமுறை போய் வரலாம். ஊரிலிருந்து தூரமில்லை, பெரியகுளம் பக்கம். தமிழில் அதை நாதனார் கோயில் என்பார்கள். சோழர் காலத்தில் அந்த விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். அங்கே விளக்குக்கும் பசுவுக்கும் கொடுத்த தானங்கள் தமிழ்க் கல்வெட்டில் இருக்கின்றன. புத்தருக்குத் தமிழில் நெய் ஊற்றியிருக்கிறார்கள்.

கல்வெட்டு என்றதும் சூரிய சந்திரர் ஞாபகம் வருகிறது. இலச்சினையில் அவை இரண்டும் சின்னதாக, ஓரமாக இருக்கின்றன, மாணவன்கூட "இது என்ன ரீச்சர், சும்மா அலங்காரமா?" என்றான். சும்மா இல்லை. பழைய தானக் கல்வெட்டுகளில் சூரியனையும் பிறையையும் செதுக்கியிருப்பார்கள். சந்திராதித்தர் உள்ளவரை இந்தத் தானம் செல்லும் என்பதற்கு. சிலவற்றில் கீழே காகமும் நாயும் இருக்கும். தானத்தை அழிக்கிறவன் நாயாகவும் காகமாகவும் பிறப்பான் என்ற மிரட்டல். 1972 குழு சூரிய சந்திரரை எடுத்துக்கொண்டு நாயையும் காகத்தையும் விட்டுவிட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நாட்டை அழிக்கிறவர்களுக்கு அந்த இரண்டும் உதவியிருக்கும்.

பெயின்ற் வாங்கப் போன கதை. கடை நானா என்னிடம் படித்த பிள்ளைகளின் தகப்பன். தங்க நிறம் கேட்டேன். "ரீச்சர், கோல்ட் எடுக்காதைங்க. ஒரு மாரி போனா கறுத்திரும். பொறகு சிங்கம் கரடி ஆகிடும்" என்றார். உண்மை. இந்த ஊர்க் காற்றில் தங்கத்தூள் பூச்சு நிற்காது. ஆகவே காவி கலந்த மஞ்சளை அடியில் பூசி, வெளிச்சம் படுகிற விளிம்புகளில் வெளிர் மஞ்சளும், இருட்டுப் பக்கம் மண்ணிறமும் கொடுத்தேன். தூரத்தில் நின்று பார்த்தால் தங்கம்தான். பின்னணிக் கருஞ்சிவப்புக்குச் சிவப்பில் கறுப்பைக் கலக்கக் கூடாது, சிவப்பு செத்துவிடும். துளி நீலம் போதும். இதழ்களுக்கும் தங்க நிறமே. அவை நீல அல்லியின் இதழ்கள் என்பது அதிகாரபூர்வ விளக்கம். அதைத் தேசிய மலராக அறிவித்தது 1986இல், இலச்சினை வந்து பதினான்கு வருடம் கழித்து. அல்லியை நீலமாகத் தீட்டிவிடலாமா என்று மாணவன் கேட்டான். ஆசைதான், ஆனால் விட்டுவிடச் சொன்னேன்.

மதியச் சாப்பாட்டு நேரம் ஒரு இளம் ரீச்சர் வந்து சாரத்துக்குக் கீழே நின்று பார்த்தா. வரலாறு படிப்பிக்கிறவ. "ரீச்சர், கொடியிலயாவது எங்களுக்கு ஒரு செம்மஞ்சள் கோடு இருக்கு. இதில என்ன இருக்கு?" என்று கேட்டா. கொடியின் கதை அவவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1948இல் ஏற்றியது சிங்கக் கொடி மட்டும். பிறகு குழு போட்டு, தமிழருக்குச் செம்மஞ்சள், முஸ்லிம்களுக்குப் பச்சை என்று இரண்டு கோடுகளைச் சேர்த்து 1951இல் ஏற்றுக்கொண்டார்கள். குழுவில் இருந்த செனட்டர் நடேசன் இணங்காமல் மாற்றுக் கருத்து எழுதினார். கோடுகள் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே நிற்கின்றன, சிங்கத்துக்குத் தனியாக ஒரு எல்லைக்கோடு. சித்திரமாகப் பார்த்தால் அது பிறகு ஒட்டியது என்பது நன்றாகத் தெரியும்.

நான் சாரத்தில் உட்கார்ந்தபடியே அவவுக்குக் கும்பத்தைக் காட்டினேன். "இதை மறைச்சுப் பாருங்கோ" என்று என் கையில் இருந்த அட்டையால் கும்பத்தை மறைத்தேன். கதிர்களுக்கு வேர் இல்லாமல் போய்விட்டது. வட்டம் காற்றில் நின்றது. சிங்கம் இருந்தது, ஆனால் எதன் மேல் என்று தெரியவில்லை. கண் முதலில் போவது சிங்கத்துக்கு, பாரத்தைத் தாங்குவது கும்பம். நம் வீட்டு வாசலில் நல்ல காரியத்துக்கு வைக்கிற நிறைகுடம். மாவிலையும் தேங்காயும் வைப்போம், இதில் நெற்கதிர் வைத்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்குப் புதிர் (புது நெல்) எடுக்கிற வீடுகளில் கதிர்க்குலை கட்டித் தொங்குமே, தம்பலகாமத்தில் பாருங்கள், அதே கதிர். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாய்ந்து விளைகிற நெல்லுக்குச் சாதி சமயம் இல்லை. செய்த குழு நம்மை நினைத்து அந்தக் கும்பத்தை வைத்தது என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் நினைக்கவில்லை. நினைக்காமல் வைத்ததிலேயே நாம் இருக்கிறோம், நினைத்து வைத்த கோட்டில் இருப்பதைவிட அதிகமாக.

அவ கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப பாரம் மட்டும் எங்களுக்கா?" என்றா.

கெட்டிக்காரி. வரலாறு படிப்பிக்கிறவர்களோடு வாதாடக் கூடாது. "மூன்று மொழிப் பட்டியைத் திருப்பிக் கேளுங்கோ, நானும் கையெழுத்து வைக்கிறன்" என்றேன். கும்பத்துக்குக் கீழே அதற்கு இடமும் இருக்கிறது, அளந்து பார்த்தேன்.

அதிபர் கடைசியில்தான் வந்தார். மேடைக்கு முன்னால் பத்தடி தள்ளி நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "எல்லாம் நல்லாயிருக்கு. சிங்கம் மட்டும் கொஞ்சம் சிரிக்கிற மாதிரி இல்லையா?" என்றார்.

"கண்டிச் சிங்கம் அப்பிடித்தான் சேர். கண் பெரிசு, வாய் அகலம். மிருகக்காட்சிச்சாலைச் சிங்கம் இல்லை இது."

"பிரதம விருந்தினர் ஏதும் சொன்னா?"

"சொன்னா என்னட்ட அனுப்புங்கோ. ஐந்து ரூபாக் குற்றியும் கண்ணாடியும் கைப்பையில இருக்கு."

அவர் திருப்திப்படவில்லை என்று தெரிந்தது. மீசைக்கு இரண்டு கோடு தடித்துப் போடமுடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார். போடவில்லை. வலப்பக்கக் கதிருக்கு இன்னும் ஒரு பூச்சுப் பாக்கி இருக்கிறது, சூரியனின் கதிர்களை மாணவன் கொஞ்சம் கோணலாக இழுத்துவிட்டான், அதைத் திருத்தவேண்டும். ஏணியில் ஏற முழங்கால் விடாவிட்டால் அவனையே ஏற்றிவிட்டுக் கீழே நின்று கத்துவதாக இருக்கிறேன்.